சிவப்புக் கைப்பிடி போட்ட சைக்கிள்

நான் அந்தச் சைக்கிளைப் பாகம் பாகமாகப் பூட்டி முடிப்பதற்கு முன்பே, நான் அதில் போனதை வத்தல்மலையில் ஒருவர் பார்த்திருக்கிறார். இதை எப்படிச் சொன்னாலும் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம், அவர் வேறு யாரையாவது பார்த்திருப்பார் என்பார்கள். நானும் நெடுநாள் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தர்மபுரியில் ஒரு பிசியோதெரபி மையத்தில் வேலை செய்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை முட்டிகளும் தோள்பட்டைகளும்தான். வருகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலிக்கு வந்து சேர்வதற்குள் எந்தக் காலில் வலி என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். கணவர் ஏரியூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். நல்லம்பள்ளியில் ஒரு மாடிவீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வத்தல்மலைக்குக் கிளம்பிவிடுவேன். அவர் தூங்குவார். கல்யாணமானதிலிருந்து எங்களுக்குள் இருக்கும் ஏற்பாடு அது.

மலைக்குத் தார்ச்சாலை இருக்கிறது. எனக்குப் பிடித்தது, மேலே போன பிறகு கேழ்வரகுக் காடுகளுக்கும் காபித் தோட்டங்களுக்கும் நடுவே ஓடும் மண்பாதைகள். என் பழைய சைக்கிளில் முன்பக்கம் மட்டும்தான் அதிர்வு தாங்கும். பின்சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கினால் அது முதுகுத்தண்டு வழியாகப் பல்லுக்கு வந்து சேரும். ஊரார் முதுகையெல்லாம் நீவிவிட்டு என் முதுகை இப்படி வைத்துக்கொள்வது சரியாகப் படவில்லை. முன்சக்கரமும் பின்சக்கரமும் தனித்தனியே மேலும் கீழும் அசைந்து கொடுக்கிற ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள் ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கடையில் முழு வண்டியாகக் கிடைப்பவை என்னைவிட ஒரு முழம் உயரமான ஆண்களுக்காகச் செய்தவை. நான் குள்ளம். போதாததற்கு என் இடது கால் வலதைவிடக் கொஞ்சம் குட்டை, பிறவியிலேயே அப்படி. நடக்கும்போது யாருக்கும் தெரியாது. மேட்டில் சைக்கிள் மிதிக்கும்போது தெரிந்துவிடும். வலது காலை அழுத்தும்போதெல்லாம் முன்சக்கரம் இடப்பக்கமாக லேசாகத் திரும்பி, மறுபடி நேராகும். அதனால் பாகம் பாகமாக வாங்கி, எனக்கென்றே ஒன்றைப் பூட்டுவது என்று ஆரம்பித்தேன்.

பெங்களூரில் ஒரு கடைக்காரர் போனிலேயே பொறுமையாகப் பேசினார். ஃப்ரேம், இருப்பதிலேயே சின்ன அளவு. மழை வருவதற்கு முன்னால் ஏரித் தண்ணீர் இருக்கிற நிறம். பெடல் மாட்டும் கிராங்க், வழக்கத்தைவிடக் குட்டையானது. டயர் இரண்டும் ஒன்றுபோல இல்லை. முன்னால் பெரிய சதுர ரப்பர் கட்டைகள் தள்ளித் தள்ளி வைத்தது, பின்னால் சின்னக் கட்டைகள் நெருக்கி வைத்தது. ஹேண்டில்பாரை என் தோள் அகலத்துக்கு அளந்து இரண்டு முனையிலும் ரம்பம் போட்டு அறுத்தேன். இடது பெடலின்மேல் ரப்பர் தகடு ஒன்றை வெட்டி ஒட்டினேன், அந்தத் திரும்பல் முழுக்கப் போகாவிட்டாலும் குறையட்டும் என்று. கைப்பிடி மட்டும் சிவப்பில் கேட்டேன், பச்சை வண்டிக்கு அது எடுப்பாக இருக்கும் என்று. சிவப்பு இல்லை, எப்போது வரும் என்றும் தெரியாது என்றார். கறுப்பையே அனுப்பச் சொன்னேன்.

எல்லாம் வந்துவிட்டது, முன்பக்கத்து ஃபோர்க் வரவில்லை. அது இல்லாமல் முன்சக்கரத்தை மாட்ட முடியாது. பின்சக்கரம் மட்டும் பூட்டிய ஃப்ரேமை, மாடியில் காலியாகக் கிடந்த சின்ன அறையில், உத்தரத்துக் கொக்கியிலிருந்து கயிறு கட்டித் தொங்கவிட்டேன். முன்கால் இல்லாத ஒரு பிராணி அந்தரத்தில் நிற்பதுபோல இருக்கும். அந்த அறைக்குக் கிழக்குப் பக்கம் ஒரு ஜன்னல். வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் மலை வரிசை தெரியும். சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுப் போனாலும் மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் சைக்கிள் ஜன்னலைப் பார்த்தபடி நிற்கும். காற்றுக்குத் திரும்புகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனேன். மறுநாளும் அப்படியே நின்றது. கயிற்றின் முறுக்கு அப்படி என்றார் கணவர். நியாயமாகத்தான் பட்டது.

மழை ஓய்ந்து வெகுநாள் கழித்து ஃபோர்க் வந்தது. அந்தச் சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு நாள் முழுக்க அறையிலேயே கிடந்தேன். டயருக்குள் ட்யூப் கிடையாது, பால்போல ஒரு திரவத்தை ஊற்றிக் காற்றடிக்க வேண்டும். டயர் விளிம்பு ரிம்மில் ஏறி உட்காரும்போது பட்டென்று ஒரு சத்தம். கணவர் கீழே இருந்து ஓடிவந்துவிட்டார். பின்பக்கத்து அதிர்வு தாங்கியில் ஓட்டுகிறவரின் எடைக்கு ஏற்றபடி காற்று நிரப்ப வேண்டும். அவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறி உட்கார்ந்து, எவ்வளவு தாழ்கிறது என்று பார்த்துப் பார்த்துச் சரி செய்தேன். விளையாட்டுக்கு அவரும் ஒருதரம் உட்கார்ந்தார். பாதிக்குமேல் அமுங்கிவிட்டது. இதை உன்னைத் தவிர யாரும் ஓட்ட முடியாது என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மறுநாள் காலை மலையேறினேன். வண்டி நினைத்ததைவிட நன்றாக இருந்தது. கற்கள் காலுக்குக் கீழே எங்கோ நடக்கிற விஷயமாக ஆகிவிட்டன. மேலே சாலையோரத்தில் ஒரு அக்கா டீக்கடை வைத்திருக்கிறார். பழைய சைக்கிளில் போன காலத்திலிருந்து அங்கேதான் நிற்பேன். தகரக் கூரை போட்ட சின்னக் கடை, எதிரே ஒரு பெஞ்சு. நான் வண்டியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்ததும் டீயைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இன்னிக்காவது நின்னீங்களே," என்றார்.

என்னக்கா என்று கேட்டேன்.

"முன்ன ஒரு நா போனீங்களே, இதே வண்டில. கூப்ட்டுக்கிட்டே கெடந்தேன், திரும்பிக்கூடப் பாக்கல. எம்மேல எதுனா கோவமோன்னு நெனச்சிட்டேன்."

வண்டியை நேற்றுதான் முடித்தேன், இன்றைக்குத்தான் முதல்தரம் வெளியே எடுத்தேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சைக்கிளைச் சுற்றி ஒருதரம் நடந்து பார்த்தார். குனிந்து பின்பக்கத்து அதிர்வு தாங்கியைத் தொட்டுப் பார்த்தார்.

"இதேதாங்க. கைப்பிடி மட்டும் செவப்பா இருந்துச்சு. மாத்திட்டீங்களா?"

டீ கையில் இருந்தது. நான் குடிக்கவில்லை. எந்த நாள் என்று கேட்டேன். பெரிய மழைக்கு அப்புறம் முதல்முதலாக வெயில் அடித்த நாள், பூ ஏற்றுகிற வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது என்று அடையாளம் சொன்னார். அந்த வெயில் எனக்கும் ஞாபகம் இருந்தது. மாடியில் அந்த அறை ஜன்னலைத் திறந்து வைத்த நாள் அது. வண்டிக்கு அப்போது முன்சக்கரம் இல்லை.

கணவரிடம் சொன்னேன். அதே கடைக்காரர் அதே ஃப்ரேமை வேறு ஒரு பெண்ணுக்கும் விற்றிருப்பார் என்றார். கடைக்காரருக்குப் போன் செய்தேன். அந்த அளவில், அந்த நிறத்தில் தன்னிடம் இருந்ததே ஒன்றுதான், அது உங்களிடம் இருக்கிறது என்றார். சரி, நாட்டில் கடை அவர் ஒருவருடையதுதானா என்று கணவர் கேட்டார். விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வந்துகொண்டிருந்தேன். ஓட்ட ஓட்ட வண்டி உடம்போடு ஒட்டிக்கொண்டது.

ஒருநாள் கேழ்வரகு அறுப்பு நடக்கிற சமயம். மதியம் ஆகியும் மூடுபனி விலகவில்லை. தோட்டத்துக்கு நடுவே போகிற பாதையில், கதிர்க்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவர் எதிரே வந்தார். நான் ஓரம் ஒதுங்கி நின்றேன். அவரும் நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார், பின்னால் திரும்பித் தான் வந்த பாதையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பேருல நீங்க யாருங்க?" என்று கேட்டார்.

கேலியாகக் கேட்கவில்லை. ஒரே ஜாடையில் அக்கா தங்கை இருவர் இருந்தால் யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டார். எந்த ரெண்டு பேர் என்றேன். இன்னொருத்தவங்க இப்பத்தான் அந்தாண்ட எறங்குனாங்க என்று தலைச்சுமையோடு முகத்தை மட்டும் திருப்பிக் காட்டிவிட்டு, அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தேன். ஈர மண்ணில் டயர்த் தடம் இருந்தது. முன்தடம் சதுரம் சதுரமாகத் தள்ளித் தள்ளி, அதன்மேல் பின்தடம் நெருக்கமாக. என் வண்டியை அதற்குப் பக்கத்தில் கொஞ்சதூரம் உருட்டிப் பார்த்தேன். இரண்டு தடத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரே மாதிரி டயரை யாரும் வாங்கலாம் என்று சொல்லிக்கொண்டேன்.

பாதை ஒரு சின்ன மேட்டில் ஏறியது. அங்கேதான் நான் நின்று குனிந்து பார்த்தேன். மேட்டில் அந்தத் தடம் நேராகப் போகவில்லை. ஒரே இடைவெளியில் இடப்பக்கமாக லேசாகத் திரும்பி, நேராகி, மறுபடி திரும்பி ஏறியிருந்தது. எத்தனையோ பேர் நடப்பதைப் பார்த்துப் பிழைப்பவள் நான். ஒருவர் முகத்தை மறந்தாலும் நடையை மறக்க மாட்டேன். அது என் கால் போட்ட தடம்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் அகலமான பாறை. தடம் பாறைமேல் ஏறியது. பாறையைச் சுற்றி வந்தேன். எந்தப் பக்கமும் இறங்கிய அடையாளம் இல்லை. சில்வர் ஓக் மரங்களில் பனி சொட்டிக்கொண்டிருந்தது. யாராவது இருக்கீங்களா என்று கூப்பிட நினைத்தேன். பதில் வந்தால் என்ன செய்வது என்று தோன்றியது. கூப்பிடாமல் திரும்பிவிட்டேன்.

அன்று நான் சொன்னதைக் கேட்டுக் கணவர் கோபித்துக்கொண்டார். படித்தவள் பேசுகிற பேச்சா என்றார். அடுத்த சனிக்கிழமை அவருக்குப் பள்ளி விடுமுறை, எனக்கு மையத்தில் நாள்முழுக்க ஆட்கள். தானே நேரில் போய் விசாரித்து, அந்த இன்னொரு பெண் எந்த ஊர், என்ன பேர் என்று கேட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லி பைக்கில் கிளம்பினார்.

சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது அவர் மாடியில், அந்த அறையில், சைக்கிளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். விளக்குப் போடவில்லை. எப்போது வந்தீர்கள் என்றேன். மத்தியானமே வந்துவிட்டதாகச் சொன்னார். சாப்பிட்டிருக்கவில்லை.

"நீ இன்னிக்கி வேற எங்கயும் போவலல்ல?"

"சென்டர்லயேதாங்க இருந்தேன். ஏன்?"

"என்னப் பாத்தியே. பாத்துட்டு நிக்காமப் போனியே."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். டீக்கடையில் தான் யாரென்று சொல்லாமல் விசாரித்து, ஊரோ பேரோ தெரியாமல் இறங்கி வரும்போது, ஒரு வளைவில், கீழே இருந்து நான் ஏறி வந்தேனாம். குறுகலான இடம். அவர் பைக்கை ஓரம் கட்டி நிறுத்தியிருக்கிறார். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நான் அவரைக் கடந்து போனேன். செயின் சத்தமோ டயர் சத்தமோ கேட்டதா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, ஞாபகம் இல்லை என்றார். அவர் மனதில் நின்றது வேறு.

"வழி வுட்டதுக்குத் தலையாட்டுனா. ரோட்டுல யாரோ ஒரு ஆளுக்கு ஆட்டுற மாதிரி. அவளுக்கு என்ன யாருன்னே தெரியல."

நீ என்று ஆரம்பித்தவர் அவள் என்று முடித்ததை இருவருமே கவனித்தோம். அவர் வீட்டுக்கு வந்ததும் முதலில் மாடிக்குத்தான் ஓடியிருக்கிறார். சைக்கிள் அங்கேயே இருந்தது. டயரில் ஈரம் இல்லை. மையத்துக்குப் போன் செய்து நான் இருக்கிறேனா என்று கேட்டிருக்கிறார். அங்கே வேலை செய்யும் பெண், அம்மா உள்ளே ஒருவருக்குக் கழுத்து பார்க்கிறார் என்று சொல்லியிருக்கிறாள். இது எனக்குத் திங்கட்கிழமை அவள் சொல்லித்தான் தெரிந்தது.

மலைக்குப் போகாதே என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. வண்டியை விற்றுவிடு என்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தூங்குவதில்லை. நான் சைக்கிளோடு திரும்பி வரும்போது மாடிப்படியில் நின்றுகொண்டிருப்பார். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவளை நிறுத்தி ஏதாவது கேட்பார். நேற்று கரண்ட் போனபோது நாம் என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்பார். அவருடைய தங்கை மகளுக்குக் காது குத்துவதைப் பற்றி என்று சொல்வேன். நகர்ந்து வழி விடுவார். உள்ளே போனதும் காபி போட்டுக் கொடுப்பார். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. சாதாரணமாகப் பேசுகிற சாக்கில் கேட்பதுபோலக் கேட்பார், நானும் அப்படியே பதில் சொல்வேன்.

ஒருதரம் அவர் கேட்டது எனக்கு ஞாபகம் வரவில்லை. கல்யாணத்துக்கு முன்பு நாங்கள் முதன்முதலில் வெளியே சந்தித்தபோது நான் கட்டியிருந்த புடவையின் நிறம். எந்தப் பெண்ணுக்கும் மறக்காத விஷயம். எனக்குச் சுத்தமாக மறந்திருந்தது. படியில் நின்றபடி யோசித்துக்கொண்டே இருந்தேன். அவர் நகரவில்லை. என் முகத்தை, காதை, கழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூக்குத்தியைப் பார்த்தார். நான் சைக்கிளைப் படியில் சாய்த்துவிட்டு, "நான்தாங்க," என்றேன். என் குரல் எனக்கே பொய் சொல்கிற குரலாகக் கேட்டது. கடைசியில் அவர் ஒதுங்கினார். அன்று காபி வரவில்லை. இரவு சாப்பாட்டின்போது, மாம்பழ மஞ்சள் என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அந்த வாரத்தோடு மலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். பயத்தால் இல்லை. அந்தப் படியில் மறுபடி அப்படி நிற்க என்னால் முடியாது. சைக்கிளை எப்போதாவது வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஏரிக்கரையில் ஓட்டுவேன். அப்போது அவரும் கூடவே நடந்து வருவார்.

காபிப் பழம் பறிக்கிற காலத்தில், டீக்கடை அக்கா எங்கள் மையத்துக்கு வந்தார். முட்டி வலி, ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நான் இங்கே வேலை செய்வது அவருக்குத் தெரியாது. வாசலில் செருப்பைக் கழற்றும்போது என்னைப் பார்த்தவர், ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றுவிட்டார். நான் போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்து கட்டிலில் உட்காரவைத்தேன். வலது முட்டி. வீங்கியிருந்தது. அதைத் தொடப்போனபோது காலை இழுத்துக்கொண்டார்.

"கைய காட்டுங்க," என்றார்.

நான் நீட்டினேன். அவர் என் சட்டைக் கையை முழங்கைக்குமேல் ஏற்றிவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அப்புறம் மற்றக் கையையும் அப்படியே பார்த்தார்.

"காயம் எங்க?"

எந்தக் காயம் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். கொஞ்ச நாளுக்கு முன்னால் கடைக்குக் கீழே உள்ள சரிவில் அந்த இன்னொருத்தவங்க விழுந்துவிட்டாராம். முழங்கை பிய்ந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்ததாம். அக்காவும் அவர் மருமகளும் தூக்கிவந்து, பெஞ்சில் உட்காரவைத்து, கழுவி, மஞ்சள் வைத்துத் துணியால் கட்டினார்கள். வலிக்கிறது என்றுகூட விழுந்தவர் சொல்லவில்லை. டீ கொடுத்ததும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தார். ஆஸ்பத்திரிக்குப் போக ஆள் கூப்பிடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

"ஒண்ணே ஒண்ணுதாங்க பேசுனாங்க. அவங்க வூட்டுக்காரரு இந்தப் பக்கம் வந்தாரான்னு கேட்டாங்க. இல்லீங்களேன்னேன். சரின்னுட்டு, வண்டிய உருட்டிக்கிட்டே பனிக்குள்ள போய்ட்டாங்க. அப்பறம் நாங்க யாரும் பாக்கல."

பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அக்கா இன்னும் என் கையை விடவில்லை.

"அவங்களுக்கு ஆறிடுச்சுங்களா?" என்று கேட்டார்.

தெரியாது என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தேன். தன் கையால் கட்டுப்போட்ட காயம் என்ன ஆனதோ என்று இத்தனை நாளும் கவலைப்பட்டுக்கொண்டிருந்த முகம்.

"ஆறிடுச்சுக்கா," என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். சேலையைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு, முட்டியை என் பக்கம் நீட்டினார். நான் சூட்டு ஒத்தடப் பையை எடுத்துவந்து வைத்தேன்.

அன்று சாயங்காலம் கணவரிடம், மலைமேல் டீக்கடை வைத்திருக்கும் அக்கா முட்டி வலியோடு வந்திருந்தார், நாலைந்து தரம் வரச் சொல்லியிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். காயத்தோடு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் என்ன கேட்டாள் என்பதை இன்றுவரை சொல்லவில்லை.